கீழே ரோஸ், மேலே வெள்ளை

கேம்பர் வண்டிக்குள் தலையை நுழைத்த மறுநொடியே கிளைடு பெஸெட்டின் மூக்குக் கண்ணாடி மங்கிப் போனது.

"அம்மணி, எனக்குக் கண்ணு போயிடுச்சு. இனிமே நீங்கதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

"துடைக்காதே. அப்படியே நில்லு," என்றாள் பின்னால் ஏறி வந்த ஐலி ரௌத்தியோ. "வெளியே எப்படி இருக்கு?"

"காதைத் தொட்டா கையோட வந்துடும். அவ்வளவு குளிர்."

"அஞ்சு வாரத்துக்கு முன்னாடி தண்ணியை வடிச்சு, ஹீட்டரை அணைச்சு, பூட்டிட்டுப் போன வண்டி இது. உள்ளேயும் அதே குளிர்தானே இருக்கணும்? உன் கண்ணாடி எதுக்கு மங்குது?"

கிளைடு கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டான். சில்லென்று இல்லை.

சுப்பீரியர் ஏரியிலிருந்து நாலு மைல் உள்ளே, மரங்களுக்கு நடுவில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. கோடையில் ஏரிக்கரையில் கூத்தடித்த, படுக்கையும் அடுப்பும் உள்ள வீடு மாதிரியான நாற்பது கேம்பர் வண்டிகள், பனிக்காலம் முழுக்கத் தூங்குவதற்காக அங்கே ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. கொட்டகைக்காரி டெல்ஃபின் இல்லை. பெரிய கதவு மட்டும் சாத்தாமல் கிடந்தது. கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நின்ற இந்த வண்டி வெண்டல் ஹார்னிஷுடையது. மூன்று நாளைக்கு முன்னால் ஐலியின் அலுவலகத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்ட அதே வெண்டல்.

"என் பொண்டாட்டி மார்லிஸைக் காணோம். எட்டு நாளாச்சு. அவளுக்கு ஞாபகமே நிக்காது. சர்க்கரை வியாதி வேற. இன்சுலினைக்கூட எடுக்காம போயிட்டா. செத்துடுவா மேடம், சீக்கிரம் கண்டுபிடிங்க."

கேம்பரைப் பார்க்கலாமா என்று ஐலி கேட்டபோது அவர் கையை விரித்துவிட்டார். "அதை நானே மூடினேன். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அவளுக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது. அங்கே எப்படி இருப்பா?" இருந்தாலும் சாவியைக் கொடுத்தார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் தோண்டியே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிபவள் ஐலி. யாராவது 'அங்கே பார்க்க வேண்டாம்' என்று சொன்னால் அங்கேதான் முதலில் பார்ப்பாள். கிளைடு இருபது வருஷம் கேம்பர் ரிப்பேர் செய்தவன். முதுகு மக்கர் செய்த பிறகு இவளிடம் உதவியாளாக வந்து சேர்ந்தான். உடம்பு நூற்று முப்பது கிலோ. அதில் பாதி வாய்தான் என்பாள் ஐலி. அவனுக்கு ஒரே ஒரு பயம் உண்டு: மூடிய இடம். ரிப்பேர் செய்த காலத்திலும் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுத்தான் வண்டிக்குள் போவான். இன்றைக்குக் குளிர் தாங்காமல் ஐலி கதவைச் சாத்தியதிலிருந்தே அவன் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் படுக்கைப் பக்கம் பார்க்கிறேன். நீ உன் பழைய சிநேகிதங்களைப் பாரு," என்று ஐலி உள்ளே போனாள்.

பழைய சிநேகிதங்கள் என்றால் குழாய், பம்ப், ஃப்ரிட்ஜ். கிளைடு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றான். பனிக்காலத்துக்கு மூடிய வண்டியில் ஃப்ரிட்ஜின் கதவுகள் திறந்தபடி இருக்க வேண்டும், இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வசந்தத்தில் திறக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். இங்கே கதவுகள் மூடியிருந்தன. உள்ளே மெல்லிய உறுமல்.

மேல் கதவைத் திறந்து ஐஸ் பெட்டியை இழுத்தான். முக்கால் பெட்டி ஐஸ்.

கிளைடு விசிலடித்தான்.

கேம்பரைப் பனிக்குத் தயார் செய்வது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும். அதனால் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத ரோஸ் திரவத்தைப் பம்ப் வைத்து எல்லாக் குழாயிலும் ஓட்டுவார்கள். ஐஸ் மேக்கருக்குப் போகும் மெல்லிய குழாயிலும் அந்த ரோஸ் ஏற வேண்டும். அப்புறம் அதன் வால்வை மூட வேண்டும். முறையாகச் செய்த வண்டியில் ஐஸுக்கு வேலையே இல்லை.

கைபேசியை எடுத்தான். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. வெண்டலை அழைத்துவிட்டான்.

"சார், கிளைடு பேசுறேன். உங்க கேம்பர்லதான் இருக்கோம். ஐஸ் பெட்டியில ஒரு விஷயம் கிடைச்சிருக்கு, நீங்களே வந்து பாருங்க... ஆமா சார், இப்பவே."

"நாப்பது நிமிஷத்துல வரேன்," என்றார் வெண்டல். குரலில் அழுகை இல்லை.

ஐலி திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு தலையணை இருந்தது. "இன்னும் சூடு ஆறலை. யார்கிட்ட பேசினே?"

"கட்சிக்காரர்கிட்டதான். நல்ல சேதி சொன்னேன். இதைப் பாருங்க, ஐஸ்!"

ஐலி கையுறையைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிக்குள் விரலை விட்டுக் கிளறினாள். மேலே இருந்தவை கண்ணாடி மாதிரி வெள்ளை. நடுவில் இருந்தவை லேசான ரோஸ். அடியில் கெட்டியாகாமல் கூழாகக் கிடந்தது நல்ல ரோஸ்.

"கீழே ரோஸ், மேலே வெள்ளை. இதுக்கு என்ன அர்த்தம்?"

"ரோஸை ஓட்டினதுக்கு அப்புறம் யாரோ தண்ணி விட்டிருக்காங்க. குழாயில இருந்த ரோஸ் முதல்ல வந்து விழுந்திருக்கு, அப்புறம் கலங்கல், அப்புறம் நல்ல தண்ணி. மூடின வண்டியைத் திரும்பத் திறந்து யாரோ குடித்தனம் நடத்துறாங்க. அடுப்புப் பத்தவைக்கத் தெரியாத அம்மாவாம், பம்ப் ஓட்டத் தெரியுதே!"

ஐலி மேலே கிடந்த ஒரு கட்டியை விரலால் அழுத்தினாள். அது உடைந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது.

"இது உறைஞ்சு முடியறதுக்குள்ள விழுந்திருக்கு. பம்ப் இப்பவும் ஓடுது. அவ வெளியூர் போகலை, கிளைடு. நம்ம கார் சத்தம் கேட்டு இப்பதான்..."

டக்.

வெளியே, வாசல் பக்கம்.

கிளைடு பாய்ந்து கதவைத் தள்ளினான். அரை அங்குலம் அசைந்தது, அதற்கு மேல் வரவில்லை. அவனுக்கு உடனே புரிந்தது. ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ள வாசலோரம் ஒரு நீளக் கம்பி இருக்கும். பயணத்தின்போது அதைக் கதவின் குறுக்கே மடித்துப் போடுவார்கள். யாரோ மடித்துப் போட்டுவிட்டார்கள்.

"அம்மணி, நம்மளை அடைச்சுட்டாங்க."

"ஜன்னல்?"

"எமர்ஜன்சி ஜன்னல் சுவர்ப் பக்கம் இருக்கு. திறந்தா தகரம். இந்தப் பக்க ஜன்னல்ல என் தொடை ஒண்ணு போகும், மிச்சம் இங்கேயே நிக்கும்." சிரிப்பு மூட்டப் பார்த்தான். அவன் காதுக்கே அது அழுகையாகக் கேட்டது. சட்டைப் பொத்தானை அவிழ்த்தான். கூரை கீழே இறங்கி வருவதுபோல் இருந்தது. "மூச்சு... காத்து பத்தலை."

"காத்து நிறைய இருக்கு. என்னைப் பாரு. எண்ணு."

"எதை?"

"ஐஸ் கட்டியை எண்ணு."

அவன் ஏழு வரை எண்ணியபோது ஃப்ரிட்ஜ் பேசியது.

"அந்த மருந்தைக் குடுங்க."

கிளைடு பின்னால் நகர்ந்து மேசையில் இடித்துக்கொண்டான். "இருபது வருஷம் ரிப்பேர் பண்ணியிருக்கேன். ஒண்ணுகூட இதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை!"

"பின் பக்கத் தட்டியைத் திறந்துட்டுப் பேசுறாங்க," என்றாள் ஐலி. ஃப்ரிட்ஜின் முதுகைத் தொட வெளியிலிருந்து ஒரு சின்னக் காற்றுத் தட்டி உண்டு. அதன் வழியாகத்தான் அந்தக் குரல் வந்தது. ஐலி குனிந்தாள். "மார்லிஸ்தானே?"

"கீழ்த்தட்டுல வெண்ணெய் வைக்கிற இடத்துல இருக்கு. அதையும் உங்க கார் சாவியையும் சின்ன ஜன்னல் வழியாப் போடுங்க. அவனைக் கூப்பிட்டாச்சுல்ல? நான் கேட்டேன். நான் போகணும்."

ஐலி கீழ்க்கதவைத் திறந்தாள். இன்சுலின் பெட்டி இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் பதினோரு நாளின் தேதி, நேரம், அளவு எல்லாம் பொடியான கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தன. ஒரு வேளைகூட விடுபடவில்லை.

அதைக் கிளைடிடம் நீட்டினாள். "ஞாபகமே நிக்காதாம்."

கிளைடு படித்தான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது. "மருந்தை எடுக்காம போனாங்கன்னும் சொன்னாரே."

ஐலி ஒரு வார்த்தையும் பேரம் பேசவில்லை. சின்ன ஜன்னலைத் திறந்து பெட்டியை வெளியே நீட்டினாள். நீல உல்லன் கையுறை போட்ட ஒரு கை அதைப் பறித்துக்கொண்டது.

"சாவி?"

"அதையும் தரேன். ஆனா மார்லிஸ், இங்கேருந்து போறதுக்கு ஒரே ரோடுதான். அதுல எதிர்ல யாரு வருவா?"

வெளியே யாரோ தரையில் தொப்பென்று உட்கார்ந்த சத்தம்.

"மருந்தை அவன் அலமாரியில வச்சுப் பூட்டுவான்," என்றது குரல். இப்போது அதில் அவசரம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "நல்லா நடந்துக்கிட்டா ஊசி. எதிர்த்துப் பேசினா, 'ராத்திரி வரைக்கும் இரு, பார்க்கலாம்'பான். நாலு வருஷம். டெல்ஃபின்தான் கிளினிக்ல சொல்லி எனக்குத் தனியா வாங்கிக் குடுத்தா. இப்ப கோர்ட்டுக்குப் போயிருக்கா. நாளைக்குக் காலையில ஜட்ஜ் முன்னாடி நான் நின்னா அவன் என் பக்கத்துல வரக்கூடாதுன்னு உத்தரவு கிடைக்கும். ஒரு நாள். இன்னும் ஒரே ஒரு நாள் ஒளிஞ்சிருக்க முடிஞ்சிருந்தா..."

கிளைடுக்குத் தன் கைபேசியை எடுத்துத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேட்டைக்கு வந்தவன் கையில் நாயாக இருந்திருக்கிறோம், அதுவும் வாலாட்டிக்கொண்டு.

ஐலி ஷெரிஃப் அலுவலகத்தை அழைத்தாள். நெடுஞ்சாலையில் மரலாரி கவிழ்ந்து கிடக்கிறது, ஆள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு," என்றாள். "கிளைடு, வெண்டல்கிட்ட என்ன சொன்னே? வார்த்தை மாறாம சொல்லு."

"ஐஸ் பெட்டியில ஒரு விஷயம் இருக்கு, வந்து பாருங்கன்னேன்."

"வெள்ளைன்னு சொன்னியா?"

"இல்லை."

"அப்போ அவர் வந்து பார்க்கும்போது ரோஸ் இருக்கணும்."

கிளைடு அவளைப் பார்த்தான். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டான். மூச்சு முட்டுவதை மறந்துவிட்டான்.

"மார்லிஸம்மா! தட்டிக்குள்ள, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசுக் குழாய் போகும். அதுல சின்ன வால்வு. மூடியிருக்கா, திறந்திருக்கா?"

"திறந்திருக்கு. நான் அதைத் தொட்டதே இல்லை. எனக்கு ஃப்ரிட்ஜ் மருந்துக்குத்தான் வேணும். ஐஸ் வந்ததே எனக்குத் தெரியாது."

"தொடலையா? அப்படின்னா உங்க புருஷன் மூட மறந்துட்டுப் போயிருக்கார். தண்ணி விட்டதும் அது தன்பாட்டுக்கு ஐஸ் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு. இருக்கட்டும். அப்படியே விடுங்க. தொடாதீங்க!"

அவன் படுக்கைக்கு அடியில் கையை விட்டான். எதிர்பார்த்தபடியே வெண்டல் மிச்சம் வைத்த ரோஸ் கேன் கிடந்தது. பம்ப் உறிஞ்சும் குழாயைக் கழற்றிக் கேனில் செருகினான். குழாய்களைத் திறந்தான். பாத்திரம் கழுவும் தொட்டியிலும் கழிப்பறையிலும் முதலில் தண்ணீர் துப்பி, பிறகு ரோஸ் பாய்ந்தது. மூடினான். ஐஸ் மேக்கரின் பக்கவாட்டிலிருந்த சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். உள்ளே இருந்த கம்பிகள் சுற்றி, அச்சிலிருந்த அரைகுறை ஐஸைக் கொட்டின. அச்சில் புதுசாக நிரம்பியது. வெள்ளை.

"குழாயில இருந்த தண்ணி. இன்னொரு தடவை."

ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்குள் ஐலி மூலை முடுக்கெல்லாம் புகுந்து வந்தாள். போர்வை, கோப்பை, பல் துலக்கும் பிரஷ், பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் ஒரு பையில் விழுந்து ஜன்னல் வழியாகப் போயின. பெட்டியிலிருந்த வெள்ளை ஐஸும் போனது. மார்லிஸ் அதை வாரிக்கொண்டுபோய் வெளியே பனியில் இறைத்துவிட்டு வந்தாள். ஐலி ஹீட்டரை அணைத்து, கூரைத் துவாரத்தைத் திறந்து விசிறியைப் போட்டாள். குளிர் கொட்டியது.

"அம்மணி, உறைஞ்சுடுவோம்."

"உறையணும். அவரும் கண்ணாடி போடுறவர்."

இரண்டாம் சுற்று. வெளிர் ரோஸ்.

"பன்னெண்டு நிமிஷம்," என்றாள் ஐலி. "மார்லிஸ், அந்தக் கம்பியை நீக்கு."

கம்பி அசையவில்லை.

"மார்லிஸ்?"

"நீக்கினதும் என்னைப் பிடிச்சுக்கிட்டா?" என்றது குரல். "நல்லவங்க மாதிரி பேசின ஒருத்தனை நான் கல்யாணமே பண்ணிக்கிட்டேன்."

கிளைடு பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே பேசினான். "நம்ப வேண்டாம்மா. சரிதான். ஆனா அவர் வரும்போது நாங்க உள்ளே அடைபட்டுக் கிடந்தா, அடைச்சது யாருன்னு கேட்பார். கம்பியை நீக்கிட்டு எங்க கண்ணுல படாமப் போய் ஒளிஞ்சுக்குங்க. எங்கேன்னு எங்களுக்கே தெரிய வேண்டாம்."

மூன்றாம் சுற்று. கம்பிகள் சுற்றின. நல்ல ரோஸ் பெட்டிக்குள் சளக்கென்று விழுந்தது. கிளைடு ஃப்ரிட்ஜை அணைத்தான், பம்பை அணைத்தான், கேனைப் படுக்கைக்கு அடியில் தள்ளினான், துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் வைத்தான். ஐலி விசிறியை நிறுத்திக் கூரைத் துவாரத்தை மூடினாள்.

தூரத்தில் ஒரு டிரக்கின் எஞ்சின் கேட்டது.

கிளைடு கதவைத் தள்ளினான். அரை அங்குலம். அவ்வளவுதான்.

எஞ்சின் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றது. டிரக்கின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கிளைடு கதவில் தோளைக் கொடுத்து நின்றான்.

டக்.

கதவு தானாக விலகியது. காலடி ஓசை எதுவும் கேட்கவில்லை. அவன் வெளியே எட்டிப் பார்த்தபோது வண்டிகளுக்கு இடையில் ஒருவரும் இல்லை. மறுமுனையிலிருந்து வெண்டல் ஹார்னிஷ் நடந்து வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு வண்டியின் அடியிலும் குனிந்து பார்த்தபடி.

அவர் உள்ளே ஏறினார். கிளைடு அவருடைய மூக்குக் கண்ணாடியையே பார்த்தான். மங்கவில்லை.

"எங்கே?"

கிளைடு ஐஸ் பெட்டியை இழுத்துக் காட்டினான். வெண்டல் அதற்குள் விரலை விட்டு, முகர்ந்து பார்த்தார்.

"இது நான் ஊத்தின ரோஸ். இதுக்கா என்னை வரச் சொன்னீங்க?"

"பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பாருங்க சார். நீங்க காலி பண்ணிட்டுத்தானே போனீங்க? பின்னாடி வால்வை மூடலை. அதான் சொட்டுச் சொட்டா இறங்கியிருக்கு."

"நான் மூடினேன்."

"மூடலை சார்."

"நான் எதையும் மறக்கிறவன் இல்லை!" குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. ஐலி அசையாமல் நின்றாள். வெண்டல் விடுவிடுவென்று இறங்கி, சுற்றிக்கொண்டு போய், காற்றுத் தட்டியைத் திறந்து குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

கிளைடு வாசலில் நின்று பார்த்தான். அடுத்த வண்டியின் சக்கரத்துக்குப் பின்னால், வெண்டலின் தோளிலிருந்து ஆறடி தூரத்தில், ஒரு நீலக் கையுறையின் நுனி தெரிந்தது. வெண்டல் தலையை இடது பக்கம் திருப்பினால் போதும்.

அவர் திருப்பவில்லை. திறந்திருந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நெரிப்பதுபோல் திருகி மூடினார். எழுந்தபோது காது வரை சிவந்திருந்தது.

"இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லை," என்றார்.

"எதை சார்?"

"சும்மா என்னை அலைக்கழிக்காதீங்க. தேடுங்க. வெளியில யாரோ அவளுக்கு மருந்து குடுக்கிறாங்க. இல்லாட்டி எப்பவோ என் காலடிக்கு வந்திருப்பா." திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஐலி அவர் போன திசையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "எழுதிக்கோ கிளைடு. அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே. ஜட்ஜுக்குப் பிடிக்கும்."

டிரக் போய்க் கால் மணி நேரம் கழித்துத்தான் மார்லிஸ் வெளியே வந்தாள். அறுபதை நெருங்கும் ஒல்லியான பெண், முழங்கால் வரை கிரீஸ். கிளைடால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. நான்தான் கூப்பிட்டேன்."

"தெரியும். உங்க குரல் நல்லாக் கணீர்னு கேட்டுச்சு," என்றாள் அவள். உதடு லேசாக வளைந்தது. "அவன் கண்ணு முன்னாடி 'மூடலை சார்'னு சொன்னதும் நல்லாக் கேட்டுச்சு. நாலு வருஷத்துல நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை."

ஐலி கார் சாவியை எடுத்தாள். "டெல்ஃபின் இருக்கிற ஊருக்கே போயிடலாம். எண்பது மைல். நீ பின் சீட்ல போர்வையைப் போத்திப் படுத்துக்கோ."

மார்லிஸ் சாவியைப் பார்த்தாள். "நான் ஓட்டலாமா?"

"ரோடு முழுக்கப் பனி," என்றான் கிளைடு.

"பத்தொன்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன். இதே ரோட்டுல. ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சாவியை வாங்கி வச்சுக்கிட்டான்."

ஐலி சாவியைத் தூக்கிப் போட்டாள். நீலக் கையுறை அதைக் காற்றிலேயே பிடித்தது.

கிளைடு பின் சீட்டில் முழங்காலை மோவாய் வரை மடித்துத் தன்னைத் திணித்துக்கொண்டான். ஜன்னலை முழுசாக இறக்கிவிட்டான், முகத்தில் பனி அடித்தாலும் பரவாயில்லை என்று. மார்லிஸ் அவசரப்படவில்லை. சீட்டைத் தனக்கேற்ற மாதிரி முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஐலி அவளை அவசரப்படுத்தவில்லை.

கார் மரங்களுக்கு இடையில் ஊர்ந்து, நெடுஞ்சாலை சேரும் முனையில் முழுசாக நின்றது. வெண்டலின் டிரக் போன தடம் மேற்கே திரும்பியிருந்தது. அதன் மேல் ஏற்கெனவே புதுப்பனி விழுந்துகொண்டிருந்தது. மார்லிஸ் இடதும் வலதும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை.

இருந்தாலும் கிழக்குப் பக்கம் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத்தான் திருப்பினாள்.